மண் சொல்வதை யார் கேட்பது?

மண்ணுக்குள் எவ்வளவு ஈரம் உண்டென்பதை ஒலியால் அறியும் முறையை விஞ்ஞானிகள் வளர்த்து வருகின்றனர். நிலத்தில் எழுப்பும் அதிர்வு மண்ணினூடே செல்லும் வேகம் ஈரத்துக்கேற்ப மாறும். காய்ந்து வரும் மண்ணில் எஞ்சிய நுண்ணீர், துகள்களை இறுகப் பிணைக்கிறது, அதிர்வு விரைகிறது. ஈரம் ஏற ஏறப் பிணைப்புத் தளர்கிறது, அதிர்வும் தயங்குகிறது. இவ்வேகத்தை அளந்தால், வேருக்குத் தேவையான நாளில் தேவையான அளவே நீர் பாய்ச்சலாம். இதை நாம் வரவேற்கிறோம். ஆனால், ஊவா மலைகளில் மண்ணின் சொல்லைக் கேட்கப்போகிறவர் யார்?

ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்கு மணத்தையும் ஏலத்தில் விலையையும் தருகிறது. அதே வறட்சி லயத்துப் பீலியை நூலாக்கிவிடுகிறது. குடத்தோடு காத்து நிற்கும் கொழுந்துக்காரிக்கு நீர்ச்சிக்கனம் பற்றி உபதேசிக்க எவருக்கு உரிமை? 2014 டிசம்பரில் உமா ஓயாச் சுரங்கத்துள் நிலத்தடி நீர் பெருக்கெடுத்தது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. 2024 ஏப்ரலில் திட்டம் கோலாகலமாகத் திறக்கப்பட்டது. 120 மெகாவாட் மின்சாரத்தையும் தென்கிழக்கின் வயல்களுக்குச் செல்லும் நீரையும் நாம் பழிக்கவில்லை. ஆதாயத்தைக் கணக்கிட்ட கைகள், வற்றிய கிணற்றையும் அதே ஏட்டில் எழுதினவா என்றே கேட்கிறோம்.

ஈரம் மிகுந்தாலும் மலைநாட்டு உழைப்பாளிக்கே ஆபத்து. பயிருக்கு நீர் போதுமென்று அறிவிக்கும் அதே தளர்ச்சி, சரிவிலே எல்லை மீறினால் மலையையே பெயர்க்கும். 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. கருவி இல்லாததாலா? அவ்விடம் ஆபத்தானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது! எச்சரிக்கை கிடைத்தது; குடியேற நிலம் கிடைக்கவில்லை. வீட்டுக்கும் மண்ணுக்கும் உரிமையற்றவர் எங்கே போவார்? 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தின் மலைகள் சரிந்தன, உயிர்கள் மாண்டன.

“தோட்டத்துக்கு இத்தனை நுட்பம் எதற்கு?” என்பார் சிலர். தேயிலையின் ஈரத்தைத் தொழிற்சாலையில் துல்லியமாக அளக்கும் நாட்டில், தொழிலாளி தலைமாட்டிலுள்ள மண்ணின் ஈரத்தை அளப்பது மட்டும் ஆடம்பரமா?

ஆசிரியர்களே, மாணவர்களே! பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது. கருவிகள் வெலிமடையின் உருளைக்கிழங்கு வயலிலும் நடப்படட்டும். லயத்துக்கு மேலுள்ள சரிவிலும் நடப்படட்டும். அவை தரும் கணக்கு நாள்தோறும் பிரட்டுக்களத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படட்டும். எல்லாவற்றுக்கும் முதலாக, “எழுந்து போ” என்று மண் எச்சரிக்கும்போது போய்த் தங்குவதற்கு, தொழிலாளியின் பெயரில் உறுதியுள்ள நிலம் வழங்கப்படட்டும். இதைக் கோராத விஞ்ஞானம், மண்ணின் ஓசையைக் கேட்கும். மனிதனின் குரலைக் கேளாது.