ராணியம்மா பெட்டியில் ஏறலாமா?

போன இதழில் மழைக்கால இருமலைப் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை என் அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்லப் போகிறேன். சிரிக்காமல் கேளுங்கள்.

என் தங்கை அமெரிக்காவிலிருந்து லீவுக்கு மகனோடு கொல்லிமலை வந்திருந்தாள். பையனுக்குப் 12 வயசு. மலைப்பாதையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தவன், மறுநாள் முதல் வீட்டுக்குள் தங்கவே இல்லை. பலாமரத்தடி, மிளகுக் கொடி என்று ஒரே சுற்றல்.

மழை விட்ட ஒரு சாயங்காலம், வாசல் விளக்கடியில் இறக்கையோடு பெரிய பெரிய எறும்புகள் வந்து விழுந்தன. நான் விளக்குமாற்றை எடுத்தேன். அவன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"பெருக்கிடாதீங்க பெரியம்மா! இதெல்லாம் ராணி எறும்பு!"

ஹோமியோபதி மாத்திரை வரும் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் என்னிடம் நிறைய இருந்தன. அடியில் கொஞ்சம் தண்ணீர், அதன் மேல் பஞ்சு, உள்ளே ஒரு ராணி, வாயில் மறுபடி பஞ்சு. அப்படி நாலு குப்பி தயார் செய்தான். மறுநாள் ஆகாய கங்கை அருவிக்குப் போனபோது, காட்டு வழியில் இன்னும் இரண்டைப் பிடித்து வந்தான்.

அவன் சொல்லித்தான் எனக்கும் தெரிந்தது. ராணி தன் இறக்கையைத் தானே உதிர்த்துவிட்டு, மண்ணுக்குள் போய் அடைத்துக்கொள்ளுமாம். பல இனங்களில் வெளியே வந்து இரைகூடத் தேடாதாம். இறக்கையை அசைத்த தசை கரைந்து, அதுவே அவளுக்கும் முதல் குஞ்சுகளுக்கும் ஆகாரமாம். பத்தியம் போட ஆளில்லாத பிள்ளைத்தாய்ச்சி மாதிரி! கேட்டதிலிருந்து விளக்குமாற்றை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

ஊருக்குக் கிளம்பும் நாள் நெருங்கியது. குப்பிகளைக் கொண்டு போக வேண்டும் என்று பையன் அடம் பிடித்தான். "உதை வாங்குவே" என்றாள் தங்கை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை பிள்ளை. எனக்கு மனசு கேட்கவில்லை. எறும்புதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்து, இரண்டு குப்பியைப் பருப்புப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில், புடவை மடிப்பில் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டேன். தங்கைக்குக்கூடச் சொல்லவில்லை.

எங்க வீட்டுக்காரரிடம் மட்டும் ராத்திரி மெதுவாகச் சொன்னேன். மனுஷர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "கென்யா சமாச்சாரம் பேப்பரில் வந்ததே, படிக்கலியா நீ?" என்றார்.

2025-ஆம் வருஷம் நடந்தது அது. பெல்ஜியம் நாட்டுப் பையன்கள் இரண்டு பேர், இருவருக்கும் 19 வயசு. சுமார் 5,000 ராணி எறும்புகளைப் பஞ்சு வைத்த இரண்டாயிரத்துச் சொச்சம் குழாய்களில் வைத்திருந்து பிடிபட்டார்கள். ஆசைக்காகத்தான் பிடித்தோம், சட்டம் தெரியாது என்றார்களாம். நைரோபி விமான நிலைய நீதிமன்றம் மே மாதம் தீர்ப்புச் சொன்னது. ஆளுக்கு 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், இல்லாவிட்டால் 12 மாதம் சிறை.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. விடிந்ததும் நாமக்கல்லில் வக்கீலாக இருக்கும் அண்ணன் மகனுக்குப் போன் போட்டேன்.

"அத்தை, வீட்டு வாசல்ல விழுந்த எறும்பைக் குப்பியில வெச்சுப் பார்த்தா யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. 1972-ஆம் வருஷ வனவிலங்குச் சட்டப் பட்டியல்ல சாதாரண எறும்பு கிடையாது. ஆனா காப்புக் காட்டுல இருந்து வனத்துறை அனுமதி இல்லாம எதையும் எடுக்கக் கூடாது. நாடு தாண்டினா அது வேற கதை" என்றான்.

அமெரிக்காவில் ஒரு மாநிலத்திலிருந்து அடுத்த மாநிலத்துக்கு ராணி எறும்பைக் கொண்டு போகவே விவசாயத் துறையின் அனுமதி வேண்டுமாம். விமான நிலையத்தில் பழம், விதை, பூச்சி, மண் இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லி, பெட்டியில் அகப்பட்டால் அபராதம். நம் நாட்டிலும் விளையாட்டில்லை. 2008-ல் டார்ஜிலிங் பக்கம் சிங்கலிலா தேசியப் பூங்காவில் பூச்சி பிடித்த செக் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இருவர் கைதானார்கள். ஒருவருக்கு 20,000 ரூபாய் அபராதம், மற்றவருக்கு மூன்று வருஷ சிறைத் தண்டனை.

ஒரு எறும்புக்கு இத்தனை கெடுபிடியா என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. ஆனால் கருவுற்ற ராணி ஒன்று தப்பினால் போதும், ஒரு புற்றே உண்டாகிவிடும். தென் அமெரிக்க நெருப்பெறும்பு 1930-களில் மொபைல் என்ற துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்தது. இன்று வரை ஒழிக்க முடியவில்லை. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நத்தம் பக்கம் கரந்தமலையை நினைத்துப் பாருங்கள். 2022-ல் மஞ்சள் பைத்திய எறும்புகள் அடிவார கிராமங்களைப் படாதபாடு படுத்தின. அது கடிக்காது, அமிலத்தைப் பீச்சும். ஆடுமாடுகளின் கண்ணெல்லாம் பாதிக்கப்பட்டன. சரக்கோடும் மண்ணோடும் நாடு நாடாகப் பரவிய இனம் அது.

பெட்டியைத் திறந்து குப்பிகளை எடுத்துப் பையன் கையில் கொடுத்தேன். "தப்பு என் மேலதான் கண்ணு. உங்கம்மாவுக்குத் தெரியாம நான்தான் வெச்சேன்" என்றேன். தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு வேண்டியதுதான்.

நாலு ராணிகளை வாசல் பலாமரத்தடியில் விட்டோம். மற்ற இரண்டையும் எடுத்த இடத்திலேயே விட, அவனும் நானும் அருவிப் பாதைக்கு மறுபடி போனோம். வழி நெடுக அவன் பேசவே இல்லை. திரும்பும்போதுதான், "நான் போனப்புறம் பலாமரத்தடியைப் பார்த்து எழுதுவீங்களா, பெரியம்மா?" என்றான். இப்போது ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். வாரம் ஒரு பக்கம்!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குழந்தை இருந்தால் அதட்டாதீர்கள். ஒரு சிட்டிகை ரவையும் ஒரு துளி சர்க்கரைத் தண்ணீரும் வாசலில் வைத்து, எதற்கு எத்தனை எறும்பு வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். குப்பியில் வைத்தால், பிடித்த இடத்திலேயே திரும்ப விடப் பழக்குங்கள். காட்டிலிருந்து எடுக்க வேண்டாம், தபாலில் அனுப்ப வேண்டாம், வெளிநாட்டுப் பெட்டியில் வைக்கவே வேண்டாம். குழந்தை அழுகிறதே என்று பெரியவர்கள் நாம் திருட்டுத்தனம் செய்தால், அதையும் சேர்த்துத்தான் அது கற்றுக்கொள்ளும்.

அடுத்த இதழில் சாமை அரிசிப் பக்குவங்களோடு வருகிறேன்.