டாக்டர் ஓட்டிய வண்டி

பழைய வண்டி விளம்பரங்களில் இரண்டே ரகம்தான். ‘சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன்’ ஒன்று. ‘டாக்டர் ஓட்டிய வண்டி’ இன்னொன்று. நம்ம ஊர் டாக்டர்கள் எல்லாம் ஆபரேஷன் நேரம் போக பைக்கிலேயேதான் சுற்றுகிறார்களா என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

என் ஸ்ப்ளெண்டரை விற்க உட்கார்ந்தபோது நான் உள்ளதை எழுதினேன். ‘2009 மாடல். நான்தான் ஓட்டினேன். இடது இண்டிகேட்டர் மூடு இருந்தால் எரியும். செயின் செட் புதுசு. பின் டயர் மாற்ற வேண்டும். புதுசாக ஓட்டப் பழகுகிறவர்களுக்கு ஏற்றது. 18,000.’

“வண்டியை விக்கறீங்களா, வாக்குமூலம் கொடுக்கறீங்களா?” என்றாள் மனைவி.

கடைசிக்கு முந்தின வரி மட்டும் விளம்பரத்துக்காக எழுதியதில்லை சார், சத்தியம். 1994-ல் ஸ்ப்ளெண்டர் வந்ததிலிருந்து எத்தனை பையன்கள் இதில் கிளட்ச் பழகியிருப்பார்கள்! 97.2 சி.சி.தான். முறுக்கினால் பாயாது; யோசித்துவிட்டுக் கிளம்பும். அந்த யோசிக்கிற நேரத்தில் எத்தனையோ முழங்கால்கள் தப்பித்திருக்கின்றன. நாலு கியரையும் முன்பக்கம் மிதித்தே போடலாம். கீழே சாய்ந்தால் ஒரே ஆள் நிமிர்த்திவிடலாம். பார்ட்ஸ் கிடைக்காத ஊர் இல்லை. ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக 2010 டிசம்பரில் அறிவித்தார்கள். என் பெட்ரோல் டேங்க்கில் மட்டும் இன்னும் கூட்டுக் குடும்பம்!

விளம்பரம் போட்டதும் போன் வர ஆரம்பித்தது. பத்தில் எட்டுப் பேர் பெயர்கூடச் சொல்லவில்லை. “லாஸ்ட் பிரைஸ் என்ன சார்?” ஃபர்ஸ்ட் பிரைஸுக்கே யாரும் வரவில்லை, லாஸ்ட்டுக்கு எங்கே போக? ஒருவர் ஓட்டிப் பார்க்கக் கேட்டார். நம்பிக்கைக்காகத் தன் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போனார். பதினைந்து நிமிஷம் அந்த ரப்பர் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்னொருவர் கூடவே மெக்கானிக்கை அழைத்து வந்தார். மெக்கானிக் டயரை ஒரு உதை உதைத்தார். எதற்கு உதைக்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பார்க்க வேண்டியது வேறு. முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்குள் யாரோ போராடி ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். ஆறின இன்ஜின் ரெண்டு உதையில் கிளம்ப வேண்டும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, செலவு காத்திருக்கிறது. பிறகு ஆர்.சி. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி என்றால் புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள். (எனக்கு 2029 வரை இருக்கிறது.) லோனில் வாங்கிய வண்டியானால் ஆர்.சி.யிலிருந்து ஃபைனான்ஸ் பெயரை எடுத்தாயிற்றா என்பதையும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு அப்பாவும் பிள்ளையும் வந்தார்கள். அப்பா பேரமே பேசவில்லை. “இருபதாயிரமா வெச்சுக்குங்க சார். பேர் மாத்தறதெல்லாம் மெதுவா பார்த்துக்கலாம். நீங்க ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் போட்டுடுங்க.”

“தம்பிக்கு என்ன வயசு?”

“பதினேழரை. அரை வருஷம்தானே சார், ஓடிடும்!”

அரை வருஷம் ஓடிடும். பையனும் வண்டியும் அல்லவா சேர்ந்து ஓடுவார்கள்! அதுவரை ஆர்.சி.யில் இருப்பது யார் பேர்? விற்ற கார் கைக்குக் கை மாறிப்போய் விபத்தில் சிக்கிய வழக்கில், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், நஷ்டஈடும் அவர்தான் தர வேண்டும் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமோ, பதினெட்டு வயசு ஆகாதவன் ஓட்டிக் குற்றமானால் பெற்றவர் அல்லது வண்டி ஓனருக்கு மூணு வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம் என்கிறது. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று ஓனர் நிரூபித்தால் தப்பிக்கலாமாம். எனக்குத்தான் பதினேழரை என்று வாசலிலேயே தெரிந்துவிட்டதே!

“இல்லீங்க, சரிப்படாது” என்றேன். பையன் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. டேங்க்கை ஒரு தடவை தடவிவிட்டுப் போனான். அப்பா மட்டும், “ரொம்ப ரூல்ஸ் பேசறாரு” என்று எனக்குக் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார்.

“ரெண்டாயிரம் கூட வந்தது. போச்சு” என்று மனைவி உள்ளேயிருந்து கணக்குச் சொன்னாள்.

அடுத்த வாரம் ஒரு மெடிக்கல் ரெப் வந்தான். இருபத்திரண்டு வயசு, முதல் வேலை, சட்டைப் பையில் எல்.எல்.ஆர். “அண்ணே, பதினைந்துதான் முடியும்” என்றான். பதினாறில் முடிந்தது. ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, பணம் கட்டிய ரசீது கையில் வந்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். இன்சூரன்ஸையும் பதினாலு நாளுக்குள் அவன் பேருக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். தெருவில் இரண்டு தடவை வண்டி ஆஃப் ஆயிற்று. மூன்றாவது தடவை நகர்ந்தது. பால்காரர் ஒதுங்கி வழிவிட்டார்.

பேர் மாறிவிட்டது என்று போனில் மெசேஜ் வந்த அன்று, ஆபீசுக்குப் போக நமக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் பார்க்கலாமே என்றேன். மனைவி அதற்கு முன்பே தேடிவைத்திருந்தாள்.

“ஒண்ணு இருக்குங்க. டாக்டர் ஓட்டினதாம்!”