ஹர்த்தாலுக்குக் கூலி கொடுப்பவன் யார்?

பொது வேலைநிறுத்தம் என்றவுடன் தலைநகரில் இரண்டு கூக்குரல்கள் எழுவது வழக்கம். பஸ் ஓடவில்லை, ரயில் ஓடவில்லை, நாடே ஸ்தம்பித்துவிட்டது என்று ஆளுவோர் அலறுவர். நாடே எம்முடன் நின்றது என்று தொழிற்சங்கத் தலைவர்கள் மார்தட்டுவர். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களின் குரல் இவ்விரண்டிலும் இல்லை.

முதலில் ஆளுவோருக்கு ஒரு வார்த்தை. போக்குவரத்துத் தடைப்படுவது மகாபாதகம் என்கின்றீர்களே, தெரணியகலைக்கும் இறக்குவானைக்கும் மேலேயுள்ள தோட்டங்களுக்கு, வேலைநிறுத்தம் இல்லாத நாட்களில் நீங்கள் ஓட்டும் பஸ்கள் எத்தனை? இரத்தினபுரிக்கு இருந்த ரயில் பாதையை 1970களில் மூடியது எந்த வேலைநிறுத்தக்காரன்? மக்கள் தண்டவாளத்தில் அமர்வது பொழுதுபோக்குக்காக அன்று. 1953 ஆகஸ்ட் 12 ஹர்த்தால், கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்பட்டதனால் மூண்டது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். 2022 ஏப்ரல் 19 அன்று, கேகாலை மாவட்டத்து றம்புக்கணையில் எரிபொருள் தட்டுப்பாடும் விலையேற்றமும் தாங்காது ரயில் பாதையை மறித்த மக்கள்மீது பொலிசார் சுட்டனர், ஒருவர் மாண்டார். வேலைநிறுத்தம் எளியோரின் ஆயுதம். அதனைப் பறிப்பதற்கு நாம் ஒருபோதும் உடன்படோம்.

ஆனால் ஆயுதத்தைச் சுழற்றுவோர், அதன் அடி எவர் வயிற்றில் விழுகிறதென்று பார்க்க வேண்டாமா? மாதச் சம்பளக்காரருக்கு ஒரு நாள் ஹர்த்தால் பெரும்பாலும் ஒரு நாள் ஓய்வு. (1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் 40,000 பேருக்கு மேல் வேலையிழந்ததை நாம் மறக்கவில்லை, அது அரசின் பழிவாங்கல்.) கொழுந்து பறிப்பவளுக்கோ, காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் விழுந்தால்தான் கூலி. பால் வெட்டுபவன் விடியலில் மரத்தில் கத்தி வைக்காவிடின் அன்றைய பால் போனதுதான். மழை பெய்தாலும் வெட்டில்லை, ஹர்த்தால் என்றாலும் வெட்டில்லை. சப்ரகமுவ மழையோ சொல்லிமாளாது! கடை பூட்டியிருந்தால் மறுநாள் மாவும் அரிசியும் கடனுக்குத்தான். பஸ் இல்லாத நாளில் பிரசவ வேதனை கண்டவளை மலையிலிருந்து இறக்குவது எப்படி? பறித்த காய்கறி சந்தைக்குப் போகாமல் வாடுவதைக் கண்ட உழவர்களுக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. உத்தியோகம் பார்க்கும் அன்பர்களே சற்றுச் சிந்திக்க வேண்டும்.

2022 மே 6 ஹர்த்தாலிலே தோட்டங்களிலும் வேலை நின்றது. அன்றிரவே அவசரகாலச் சட்டம் பிரகடனமாயிற்று. ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டு ஓடினார். நன்று. அந்த வெற்றியில் தோட்டத் தொழிலாளிக்குக் கிடைத்த பங்கு என்ன? 2021இல் நிர்ணயமான நாட்கூலி 1,000 ரூபாய். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. கூலியோ 2024 வரை அந்த ஆயிரத்திலேயே கிடந்தது! ஒரு நாட்கூலியை இழந்து தோள்கொடுத்தவனின் கூலிக்காகக் கொழும்பில் எத்தனை அலுவலகங்கள் ஒரு நாள் கதவடைத்தன?

அடுத்த ஹர்த்தாலுக்கு நாள் குறிக்கும் தலைவர்கள், குறிப்பதற்கு முன் எட்டியாந்தோட்டைக்கும் காவத்தைக்கும் வந்து லயத்து மக்களைக் கேட்கட்டும். கோரிக்கைப் பட்டியலின் முதல் ஐந்துக்குள் நாட்கூலியைச் சேர்க்கட்டும். அம்புலன்ஸ் வண்டிகளும் ஆஸ்பத்திரிக்குச் செல்லும் வாகனங்களும் தடையின்றி ஓடும் என்று துண்டுப்பிரசுரத்திலேயே, தமிழிலும், அச்சிடட்டும். சந்தா திரட்டும் பெரிய சங்கங்கள், இழந்த கூலியில் ஒரு பகுதியையேனும் தோட்டத்தானுக்கு ஈடுசெய்ய நிதி ஒதுக்கட்டும். இவற்றுக்கு இணங்கும் சங்கம் எதுவோ, அதன் அழைப்புக்குத் தோட்டங்கள் செவிசாய்க்கட்டும்.