மலேசியாவுக்கு முன்னால் மதவாச்சி

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வவுனியாவில் எங்கள் பெற்றோர் கூட்டத்தில் ஒரு வாப்பா எழும்பிக் கேட்டார். "சேர், கொழும்பில பெரிய பாடசாலைகள் பிள்ளைகள மலேசியா, சிங்கப்பூர் என்டு கூட்டிக்கொண்டு போறாங்க. எங்கட பிள்ளைகளும் வேற சனங்கள்ட வாழ்க்கையைப் பார்க்க வேணாமா?"

கேள்வி நியாயம்தான். பார்க்கத்தான் வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதில்தான் எனக்கு வேறு கருத்து.

என்னுடைய முதல் 'வெளிநாட்டுப் பயணம்' புத்தளம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. தண்ணீரூற்றிலிருந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். அங்கே அகதிப் பிள்ளைகளுக்குப் பின்னேரப் பாடசாலை. அந்த ஊர்ப் பிள்ளைகளும் முஸ்லிம்கள், பேசியதும் தமிழ்தான். ஆனாலும் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். ஒரு பெடியன் மட்டும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். அவனுடைய உம்மா ஒரே சகனில் எங்கள் இருவருக்கும் சோறு வைத்தார். அதற்குப் பிறகுதான் அது எனக்கும் ஊரானது.

அதே புத்தளத்தில் 1344இல் இப்னு பதூதா வந்திறங்கினார் என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். மொரோக்கோக்காரர். அவரை வரவேற்றவர் தமிழ் அரசரான ஆரியச் சக்கரவர்த்தி. பாவா ஆதம் மலைக்குப் போகவேண்டும் என்று இவர் கேட்க, அரசர் பல்லக்குக் கொடுத்து, யோகிகளையும் பிராமணர்களையும் துணைக்கு அனுப்பினார். சிங்களவருக்கு அது ஸ்ரீபாத, சைவர்களுக்குச் சிவனொளிபாதம். அந்த மலைக்கு ஒரு முஸ்லிம் யாரோடு போயிருக்கிறார், பாருங்கள். அதற்கு முன் மாலைதீவில் காதியாக இருந்து, அங்கேயே கலியாணமும் முடித்தவர். (ஒன்றல்ல, அது வேறு கதை.)

நாங்கள் போகும் கல்விச் சுற்றுலாவையும் பார்ப்போம். விடிய முன் பஸ் வெளிக்கிடும். பாட்டு, கைதட்டல். அனுராதபுரம், கண்டி, பேராதனைப் பூங்கா. இறங்கிப் படம் எடுத்து, கொண்டுபோன சோத்துப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். ஒரு சிங்களப் பிள்ளையோடும் பேசியிருக்க மாட்டோம். பாடசாலையில் வருடக்கணக்காகச் சிங்களம் படிக்கிற பிள்ளை, ஐஸ்கிறீம் வாங்கக்கூட என்னைத்தான் கூப்பிடுகிறது. இதே பஸ்ஸைக் கோலாலம்பூரில் ஓட்டினாலும் இதுதான் நடக்கும். செலவு மட்டும் கூடும்.

ஆகவே நான் கேட்பது மலேசியா அல்ல, பக்கத்து டவுன் மதவாச்சி. பத்துப் பிள்ளைகள், இரண்டு இரவு, ஹோட்டலில் இல்லை, அங்குள்ள பிள்ளைகளின் வீடுகளில். அடுத்த தவணை அவர்கள் இங்கே. பிறகு ஒரு தமிழ்ப் பாடசாலையோடும் இதே மாதிரி.

ஹலால் சாப்பாடு, பெண்பிள்ளைகள் தங்குவது, இரண்டும் எனக்கும் கவலைதான். எனக்கும் மகள் இருக்கிறாள். பெண்பிள்ளைகள் உம்மாமாரோடு காலையில் போய்ப் பின்னேரம் திரும்பலாம். சாப்பாட்டை முதலே பேசி ஒழுங்கு செய்யலாம். அந்தப் பேச்சே பாதிப் படிப்பு.

அதிபரிடம் சொல்லியிருக்கிறேன். "பெற்றோர் சம்மதிச்சாப் பார்ப்பம்" என்றார். மதவாச்சிப் பிள்ளைகள் வரும்போது என் வீட்டில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. இன்னும் எட்டுப் பேருக்கு யார் வீட்டில் இடம் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள்.