மீன்தொட்டியில் கரையும் மருந்து

சில மாதங்களுக்கு முன் என் பேரனின் மீன்தொட்டியில் ஒரு தங்கமீனின் வால் நைந்து உதிரத் தொடங்கியது. அருப்புக்கோட்டையில் அதை வாங்கிய கடைக்குச் சென்றேன். பெயரும் அளவும் அச்சிடப்படாத சிறு பொட்டலத்தில் மஞ்சள் தூளைக் கொடுத்து, "ஒரு சிட்டிகை போடுங்க சார், சரியாயிரும்" என்றார் கடைக்காரர். கேட்டபோதுதான் அது டெட்ராசைக்ளின் என்று தெரிந்தது. அவர் மருந்துச்சீட்டு கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை.

1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் 'மருந்து' என்னும் சொல் விலங்குகளுக்குத் தரப்படுவதையும் உள்ளடக்கியது. டெட்ராசைக்ளின் 'எச்' அட்டவணையில் இருக்கிறது. உரிமம் பெற்ற கடையில், மருத்துவரின் சீட்டின் பேரில் மட்டுமே விற்கப்பட வேண்டியது. ஆன்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளின் தாராள விற்பனையைக் கட்டுப்படுத்தக் கோரி 2012இல் மருத்துவச் சங்கங்கள் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014 மார்ச்சில் கடுமையான 'எச்1' அட்டவணை நடைமுறைக்கு வந்தது. 2019இல் கொலிஸ்டினும், 2025இல் குளோராம்பெனிக்கால், நைட்ரோஃபியூரான் வகைகளும் உணவுக்காக வளர்க்கப்படும் உயிரினங்களுக்குத் தடை செய்யப்பட்டன. கண்ணாடித் தொட்டியில் நீந்தும் மீனை யாரும் உண்பதில்லை. ஏற்றுமதி இறாலின் மீது பதியும் கண் அதன் மீது பதிவதுமில்லை.

கடைக்காரரைக் குறைகூறுவது எளிது. பொருளாதாரம் பயிற்றுவித்த எனக்கு முதலில் தென்படுவது விலைகளின் ஒப்பீடு. வால் அழுகலுக்குப் பெரும்பாலும் கெட்ட நீரே தொடக்கம். கழிவிலிருந்து எழும் அம்மோனியாவால் மீன் தளர்கிறது. பிறகு பாக்டீரியா தொற்றுகிறது. முறையான வைத்தியம், நீரைப் பகுதி பகுதியாக மாற்றுவது. எங்கள் வறண்ட பூமியில் அதுதான் கடினம். ஆழ்துளைக் கிணற்றில் வருவது சப்பைத் தண்ணீர். நல்ல தண்ணீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்குகிறோம். மீனுக்காக இரண்டு குடம் ஊற்ற எந்த வீட்டில் மனம் வரும்? தூள் அதைவிட மலிவு. தண்ணீர்ப் பஞ்சத்தை மருந்தால் ஈடுகட்டுகிறோம்.

அந்தத் தூளும் இங்கே சரிவர வேலை செய்யாது. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் டெட்ராசைக்ளினைப் பற்றிக்கொண்டு அதன் வீரியத்தைக் குறைத்துவிடும். வெள்ளைப்புள்ளி நோய் ஒட்டுண்ணியால் வருவது. அதற்கு இம்மருந்தால் பயனே இல்லை. சில மருந்துகள், வடிகட்டியில் தங்கி அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவையும் அழித்து நீரை மேலும் கெடுக்கின்றன. அரைகுறை மருந்தில் பிழைத்துப் பெருகுபவை எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகள். அலங்கார மீன்களிலும் அவை பயணிக்கும் நீரிலும் பல மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் இருப்பதை பிரிட்டனில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு காட்டியது.

கோழிப்பண்ணைகளோடும் மருத்துவமனைகளோடும் ஒப்பிட்டால் தொட்டியில் விழுவது ஒரு துளிதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் எந்தத் தண்ணீரும் வீணாவதில்லை. தொட்டி நீர் கறிவேப்பிலைக்குப் போகிறது, வாழைக்குப் போகிறது, மிஞ்சியது வாய்க்கால் வழியே கண்மாய்க்கு. குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் திருச்சுழிப் பக்கம் ஆடு மாடுகளுக்குக் கண்மாய்த் தேக்கமே கதி. விற்பவரும் வாங்குபவரும் செலுத்தாத விலையை மூன்றாம் மனிதர் செலுத்துவதைப் 'புறவிளைவு' என்று வகுப்பில் சொல்லித்தந்தேன். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளால் 2019இல் நேரடியாக இறந்தவர்கள் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் என்று 'லான்செட்' இதழின் மதிப்பீடு கூறுகிறது.

அமெரிக்காவில் 2023 டிசம்பரில், அலங்கார மீன்களுக்கும் வளர்ப்புப் பறவைகளுக்கும் ஒப்புதலற்ற இத்தகைய மருந்துகளை விற்ற ஒன்பது நிறுவனங்களுக்கு அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நாமும் கண்டிக்கலாம். ஆனால் 30 ரூபாய் மீனுக்காகக் கால்நடை மருத்துவரிடம் செல்பவர் யார்? சீட்டு கட்டாயம் என்று மட்டும் சொன்னால் விற்பனை மேசைக்கு அடியில் நடக்கும். வண்ணமீன் வணிகம் சென்னைக் கொளத்தூர் போன்ற சில இடங்களில் குவிந்திருப்பதால், சோதனையை மொத்த விற்பனையில் தொடங்குவதே சிக்கனம். சிற்றூர்க் கடைக்காரருக்கு அச்சத்தைவிட அறிவுரை தேவை. எங்களிடமிருந்து நான்குவழிச் சாலையில் நேரே போனால் தூத்துக்குடி; அங்கே 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. நோயுற்ற மீனின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பி ஆலோசனை பெற ஓர் எண்ணை அக்கல்லூரி அளித்தால், பாதிப் பொட்டலங்கள் விற்காமலே போகும் என்பது என் கணிப்பு.

நான் தூளைப் போடவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் கால்பங்கு நீரை மாற்றி, சிறிது கல்லுப்பு சேர்த்தோம். இரண்டு குடம் தண்ணீருக்காக வீட்டில் வாங்கிய வசவு தனிக்கதை. மூன்று வாரத்தில் வால் மீண்டும் வளரத் தொடங்கியது. பொட்டலம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. குப்பையில் போட்டால் மண்ணுக்கு, சாக்கடையில் கொட்டினால் கண்மாய்க்கு. திரும்பப் பெறுவீர்களா என்று இரண்டு மருந்துக்கடைகளில் கேட்டேன்; சிரித்தார்கள்.