யாருடைய புகை? யாருடைய காடு?

கரியாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நின்றபோது, மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "நாங்க ஒரு மரம் வெட்டுனா கேசு. கீழ அம்புட்டுப் புகை விடுறானே, அவன்மேல யாரு தம்பி கேசு போடுறது?" உலக மாநாடுகள் நழுவவிடும் கேள்வி இதுதான்.

பொருளாதாரம் வளர வளரக் கரியமில வாயுவும் வளர்ந்தது என்பதே தொழில்யுகத்தின் வரலாறு. 'முதலில் வளருங்கள், புகை பிறகு தானாகக் குறையும்' என்று நமக்குப் பாடம் சொல்கிறார்கள். பிரிட்டனைக் காட்டுகிறார்கள். 1990க்குப் பின் அங்கே உற்பத்தி பெருகியது, வெளியேற்றம் ஏறக்குறையப் பாதியானது. 2024இல் கடைசி நிலக்கரி மின்நிலையத்தையும் மூடினார்கள். உண்மைதான். ஆனால் அது தானாகக் குறையவில்லை. 2008இல் சட்டம் போட்டுக் குறைத்தார்கள். அவர்கள் உடுத்தும் துணிக்காகச் சீனாவிலும் இந்தியாவிலும் எழும் புகை அந்தக் கணக்கில் வருவதுமில்லை. குப்பையைச் சேரிப் பக்கம் கொட்டிவிட்டு 'எங்க தெரு சுத்தம்' என்று பேசுகிற ஊர்த்தெரு நியாயம்தான் இது.

நம் ஆட்சியாளர்கள் மட்டும் யோக்கியமா? அமெரிக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன், இந்தியருக்குச் சுமார் 2 டன்தான் என்கிறார்கள். சரியான வாதம். ஆனால் அந்த 2 டன் ஒரு சராசரி. குளிரூட்டிய பங்களாவையும் மண்சுவர்க் குடிசையையும் கூட்டி வகுத்தது. ஏழைகளின் முதுகுக்குப் பின்னால் இந்தியப் பணக்காரர்கள் ஒளிந்துகொள்கிறார்கள் என்று 2007லேயே கிரீன்பீஸ் அறிக்கை அம்பலப்படுத்தியது. சாதியச் சமூகத்தில் சராசரி என்பதே ஒரு மோசடி.

அதற்காகக் 'கிராமத்துக்குத் திரும்புவோம்' என்று பசுமை பேசுகிறவர்களோடு நாம் சேர முடியாது. அந்தக் கிராமத்தில் நமக்கு இருந்தது சேரி. விவசாயத்தின் நோய்க்குத் தொழில்மயமே மருந்து என்று அம்பேத்கர் 1918லேயே எழுதினார். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது மின்சாரத்துக்கும் நீருக்கும் திட்டம் வகுத்தார். நமக்கு மின்சாரம் வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும், மலைக்கு ரோடு வேண்டும். வளர்ச்சி வேண்டாம் என்பதல்ல நம் பேச்சு. யாருக்கு வளர்ச்சி, யார் தலையில் புகை என்பதுதான்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வந்த நெல்லின்மேல் என்.எல்.சி. எந்திரங்கள் இறங்கியதைப் பார்த்தோம். தோண்டுவது ஒருபக்கம். மறுபக்கம், 2030க்குள் மரம் வளர்த்து 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவைக் கூடுதலாக உறிஞ்சுவோம் என்று உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது இந்திய அரசு. அந்த மரங்களை எங்கே நடுவார்கள்? போயஸ் தோட்டத்திலா? மரவள்ளியும் சாமையும் விளைகிற இந்த மலைச் சரிவுகளில்தான் என்பதே என் அச்சம். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்தது கல்வராயன்மலை. 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தும், நீதிமன்றத் தடையால் தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. இப்போது கார்பன் கணக்கின் பெயரால் புது ஜாகிர் வரலாமா?

ஆகவே தோழர்களே, நம் கோரிக்கைகள் தெளிவானவை. புகையைச் சராசரியில் மறைக்காதே, வர்க்கவாரியாக, சாதிவாரியாக எண்ணு. கிராம சபையின் சம்மதம் இல்லாமல் காட்டில் ஒரு கன்றும் நடாதே. வன உரிமைப் பட்டாவை முதலில் கொடு.

அந்தப் பெரியவரின் கேசை நாம்தான் போட வேண்டும்.