விதிவிலக்கு என்று ஒரு சால்ஜாப்பு

பக்கத்து வீட்டுப் பெண் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். கெமிஸ்ட்ரி புத்தகத்தோடு வந்து, ‘‘அங்கிள், அயனியாக்க ஆற்றல் இடமிருந்து வலம் போனா ஏறணும்னு விதி. நைட்ரஜனுக்கு 1402. அடுத்த ஆக்ஸிஜனுக்கு 1314. ஏன் இறங்குது?’’ என்றாள். வகுப்பில் கேட்டதற்கு, ‘‘அது விதிவிலக்கு. அப்படியே எழுது, மார்க் வரும்’’ என்றார்களாம்.

விதிவிலக்கு என்பது பதிலே இல்லை. பதில் சொல்லச் சோம்பல்பட்டதற்கு வைத்த கௌரவமான பெயர். ‘போர்ஷன் முடிக்கணும் சார்’ என்பார்கள். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

வாயு நிலையில் இருக்கும் அணுவிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்க ஆகும் செலவுதான் இந்த ஆற்றல். ஒரு மோலுக்கு இத்தனை கிலோ ஜூல் என்று கணக்கு. வலப்பக்கம் போகப் போக அணுக்கருவில் புரோட்டான் கூடுகிறது, பிடி இறுகுகிறது. லித்தியம் 520, நியான் 2081. இதுவரை விதி சரி.

நைட்ரஜனின் மூன்று ‘பி’ எலெக்ட்ரான்களும் ஆளுக்கொரு அறையில் தனியாக இருக்கின்றன. ஆக்ஸிஜனில் நாலாவதாக வருவது, ஏற்கெனவே ஆள் இருக்கும் அறையில் ஒண்டுக்குடித்தனம். இரண்டும் நெகட்டிவ், ஒன்றையொன்று தள்ளும். அதனால் ஒன்றை வெளியேற்றுவது சுலபம். அவ்வளவுதான்! பெரிலியம் 900, போரான் 801 என்று இறங்குவதும் இப்படித்தான். போரானில் புதிதாக வருவது, ‘எஸ்’ஸை விட உயரத்தில் இருக்கும் ‘பி’யில் உட்காருகிறது. அணுவுக்குள் இப்படி அறைகள் இருப்பதற்கு இந்தச் சறுக்கல்களே சாட்சி. அந்தச் சாட்சியைத்தான் ‘மனப்பாடம் பண்ணு’ என்று மூடி மறைக்கிறோம்.

இந்த எண்களை ஒப்பிட்டுப் பார்த்தவர் ஒருவரைச் சொல்கிறேன். செனான் எதனுடனும் சேராத மந்த வாயு என்று பாடப்புத்தகங்கள் சாதித்த காலம். கனடாவில் இருந்த நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்ஸாஃப்ளூரைடு ஆக்ஸிஜன் மூலக்கூறிலிருந்தே எலெக்ட்ரானைப் பிடுங்கிவிடுவதைக் கண்டார். ஆக்ஸிஜன் மூலக்கூறுக்கும் செனானுக்கும் அயனியாக்க ஆற்றல் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டும் 1170-ஐ ஒட்டி. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? 1962-ல் இரண்டையும் கலந்தார். உடனே மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒரு திடப்பொருள் படிந்தது. பாடப்புத்தகங்களைத் திருத்த வேண்டியதாயிற்று.

பார்ட்லெட்டுக்கும் பள்ளியில் ‘மந்த வாயு, அப்படியே எழுது’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். நல்லவேளை, மனுஷன் மார்க்கோடு நிறுத்திக்கொள்ளவில்லை.